அத்தைப் பாட்டி இருந்த கணக்கு

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொழும்பில் உன் ஆபீஸ் வேலை முடிந்து ஐந்து நாள் கையில் இருக்கும் என்றாய். தாத்தா இந்தியாவுக்கு வந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலேயே நின்றுவிட்ட அவருடைய தங்கச்சி, உன் அத்தைப் பாட்டி, எங்கே இருந்தார், என்ன ஆனார் என்று விசாரிக்க ஐந்து நாள் குறைவுதான். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரிந்தால் போதும்.

முதலில், பேரை வைத்துத் தேடாதே. மலையகத்தில், அதாவது அந்தத் தேயிலைத் தோட்டப் பகுதியில், ஒரு பெண்ணுக்கு வீட்டில் கூப்பிடும் பேர் ஒன்று, செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பேரேட்டில் ஏறிய பேர் ஒன்று. கருப்பாயி என்று சொன்னதை கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதைத் திரும்பத் தமிழில் படித்தால் கருப்பாய், கற்பாயி என்று வரும், சில சமயம் ஆம்பிளைப் பேராகக் கருப்பையா என்றே வரும். இனிஷியலும் நிலையில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பா பேரின் எழுத்து, பிறகு புருஷன் பேரின் எழுத்து. ஒரே ஆளின் இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பெண்கள் என்றுதான் தோன்றும்.

மாறாமல் இருப்பது இடம். தோட்டத்தின் பேர் மட்டும் போதாது, எந்தக் கணக்கு என்று தெரிய வேண்டும். டிவிஷனைத்தான் அங்கே கணக்கு என்பார்கள்: மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று. ஒரே தோட்டத்தின் இரண்டு கணக்குகளுக்கு நடுவே ஒரு மலையே இருக்கும், இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பக்கத்து ஆட்களைத் தெரிந்திருக்காது. தோட்டத்துக்கும் இரண்டு பேர் உண்டு. ஆங்கிலப் பேர் வரைபடத்தில் இருக்கும், தொழிலாளிகள் வைத்த தமிழ்ப் பேர் வாயில் மட்டும் இருக்கும். தாத்தா சொன்னது தமிழ்ப் பேர். அதை கூகுள் மேப்பில் போட்டால் எதுவும் கிடைக்காது. பெர்குசன் டைரக்டரி என்ற பழைய இலங்கை விவரப் புத்தகத்தில் தோட்டங்களின் தமிழ்ப் பேர்களைப் பட்டியலாகப் போட்டிருப்பார்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அதைக் கேட்டுப் பார். அதற்கு அரை நாள் ஒதுக்கு.

கிளம்புவதற்கு முன் வீட்டுத் தாள்கள். தாத்தாவின் பாஸ்போர்ட், இந்தியா திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை, டிரங்குப் பெட்டியில் இருக்கும் நீல ஏர்மெயில் கடிதங்கள் மூன்றையும் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். குடும்ப அட்டையில் தங்கச்சியின் பேர் இருக்காது, தேடி ஏமாறாதே. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி (இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்டது), இலங்கையில் பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளிச் சனங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். விண்ணப்பம் குடும்பத் தலைவன் பேரில் போகும், பெண்டாட்டியும் சின்னப் பிள்ளைகளும் அவன் பின்னால். கட்டிக்கொடுத்த தங்கச்சி அண்ணன் தாளில் வர வழியே இல்லை. புருஷன் எந்தப் பக்கம் விண்ணப்பம் போட்டானோ அந்தப் பக்கம்தான் அவளும். தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறினார், தங்கச்சி அங்கேயே நின்றார் என்றால், அது பெரும்பாலும் அவர் எடுத்த முடிவாக இருந்திருக்காது.

ஆகவே நீ தேட வேண்டியது அவருடைய புருஷனின் தாள். அது அவருடைய பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கும். பிரஜாவுரிமைச் சான்றிதழை அந்தச் சனங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அதில் முதலில் ஆண்டைப் பார். 1950-களில் என்றால், இந்திய வம்சாவளியினர் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்க வழிசெய்த 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைத்தது. 1970-கள் என்றால் ஒப்பந்தப்படி. அதற்கான விண்ணப்பங்களை 1968 மே முதல் 1970 ஏப்ரல் வரை வாங்கினார்கள். 1988, 2003 என்றால் பெரும்பாலும் நெடுங்காலம் எந்த நாடும் இல்லாமல் கிடந்த குடும்பம்.

1949 சட்டத்து விண்ணப்பத்தின் நகல் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1951 ஆகஸ்ட் 5-க்குள் போட வேண்டியிருந்தது. கல்யாணம் ஆனவர்கள் ஏழு வருஷம், ஆகாதவர்களும் துணையை இழந்தவர்களும் பத்து வருஷம் இலங்கையில் தொடர்ந்து இருந்ததாகக் காட்ட வேண்டும். அதனால் எந்தத் தோட்டத்தில் எந்த வருஷம் இருந்தார்கள் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தத் தேதிகளை அப்படியே நம்பாதே. ஊருக்கு வந்து ஆறு மாசம் இருந்தவன், 'தொடர்ந்து' என்ற ஒரு சொல்லுக்காக அதை மறைத்திருக்கலாம். தோட்டத்தின் பேரை நம்பு, தேதியைச் சந்தேகப்படு.

தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல் இருக்கும் என்று எண்ணிப் போகாதே. 1975-ல் கம்பெனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992-ல் திரும்பக் கம்பெனிகளின் கைக்கு வந்தன. ஒவ்வொரு கைமாறலிலும் பேரேடுகள் மழைக்கும் கரையானுக்கும் போயின. ஈபிஎப் என்ற தொழிலாளர் சேமநிதிக் கணக்கு 1958-க்குப் பிறகுதான். ஆனால் அதில் பேர், அங்கத்தவர் எண், அடுத்து யாருக்கு என்ற விவரம் உண்டு. இதை நீயாகக் கேட்காதே. இந்தியாவிலிருந்து வந்த பேத்தி முதல் நாளே ஈபிஎப் பற்றிக் கேட்டால், பங்கு கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவர்களாக எடுத்துக் காட்டினால் பார். போட்டோ எடுக்கும் முன் கேள்.

எனக்கு ரொம்ப நம்பிக்கை இருப்பது அவருடைய பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில்தான். பெண்ணின் பேர் வேறெங்கும் ஒழுங்காக இல்லாவிட்டாலும் தாய் என்ற கட்டத்தில் இருக்கும். முழுப் பேர், பிறந்த தேதி, பிறந்த இடம், இனம். கீழே 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா' என்று ஒரு கட்டம். அதில் 'இல்லை' என்று இருந்தால் பதறாதே. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பந்தல் போட்டுத் தாலி கட்டியதை யாரும் பதிவு செய்யவில்லை, அவ்வளவுதான். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பேர், ஆண்டு, இடம் எழுத இன்னொரு கட்டம் உண்டு. அது காலியாக இருப்பதும் ஒரு செய்தி. ஒரு பிள்ளையின் சான்றிதழோடு நிற்காதே, எல்லாப் பிள்ளைகளுடையதையும் வரிசையாக வை. அம்மாவின் பேர் எப்படி எப்படி மாறியது, குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போனது என்று அந்த வரிசையே சொல்லிவிடும். நகல் வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம். பதிவு எண்ணும் தேதியும் தெரிந்தால் சீக்கிரம் கிடைக்கும். தெரியாவிட்டால் இரண்டு வருஷ இடைவெளிக்குள் ஆண்டைக் குறுக்கிக்கொண்டு போ, 'நாற்பதுகளில் எப்போதோ' என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடையாள அட்டை எண் கிடைத்தால் அதையும் குறித்துக்கொள். பழைய எண்ணில் ஒன்பது இலக்கம். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 28561 என்று தொடங்கினால் 1928-ல் பிறந்த பெண், 61-ஆவது நாள். இந்தக் கணக்கில் பிப்ரவரிக்கு எப்போதும் 29 நாள், ஆகவே மார்ச் 1. மூன்று இலக்கமும் 501 என்று இருந்தால் ஜனவரி 1. அப்படி என்றால் பிறந்த தேதி தெரியாமல் யாரோ எழுதிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள். ஆண்டையும் மேலே கீழே ஐந்து வருஷம் விட்டுத் தேடு.

தோட்டத்து இறப்புகளுக்குத் துரை, அதாவது தோட்ட மேனேஜர், அறிக்கை கொடுத்துப் பதிவு நடந்தது. இறந்த வருஷம் வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்றால் மரணாதார சங்கத்தின் நோட்டைக் கேள். யார் வீட்டுச் சாவுக்கு எவ்வளவு பிரித்தார்கள் என்று தேதியோடு இருக்கும். கல்லறையை எதிர்பார்க்காதே, பெரும்பாலும் வெறும் மண்மேடுதான், அதன் மேல் தேயிலை வந்திருக்கும். மஸ்கெலியா பக்கம் என்றால் இன்னொரு சிக்கல். மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. கடித முத்திரையில் இருக்கும் தபாலாபீஸ் இன்று அதே இடத்தில் இருக்கிறதா என்று ஹட்டனிலேயே விசாரித்துவிட்டுப் போ.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றும்போதுதான் நிதானம் வேண்டும். ஒரே கணக்கில் ஒரே பேரில் மூன்று பெண்கள் இருப்பார்கள். சின்ன, பெரிய என்றோ கங்காணி பேரைச் சேர்த்தோதான் பிரித்துச் சொல்வார்கள். புருஷன் பேர், கணக்கு, ஒரு பிள்ளையின் பேர் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் நம் பாட்டி என்று எழுது. பேரும் வயதும் மட்டும் ஒத்தால் பென்சிலில் எழுதி வை.

விசாரிக்க, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்துக்குப் போகாதே, வேலை நேரத்தில் யாருக்கும் பேச நேரமிருக்காது. பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) வேலை பார்த்த கிழவி யாராவது இருக்கிறார்களா என்று கேள், ஒரு கணக்கின் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் கையில் வளர்ந்திருக்கும். 'எந்த வருஷம்' என்று கேட்டால் விடை வராது. 'சிறிமா காலத்துப் பஞ்சத்துக்கு முன்னாடியா பின்னாடியா' என்று கேள். 1973, 74 என்று நீ குறித்துக்கொள்ளலாம். 'எண்பத்து மூணு கலவரத்தப்போ எங்கே இருந்தாங்க' என்றும் கேட்கலாம், ஆனால் அதைக் கடைசியில் கேள், அவர்கள் பேச விரும்பினால் மட்டும்.

ஒரு நோட்டில் இடது பக்கம் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது. வலது பக்கம் சொன்னது என்ன. இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுது, நீயே தீர்ப்புச் சொல்லாதே. அன்றன்று ராத்திரி பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, பேர்களை இங்கே சரிபார்த்துச் சொல்கிறேன்.

உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். தேயிலைக்குள் அட்டை ஏறும். பிடுங்காதே, உப்பு வைத்தால் தானாக விழும்.

அப்பா