கண்ணா, உன் வண்டி பெருத்துக்கொண்டே போகிறது

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வரையச் சொன்னார்கள். கோடுகள் அழகாக வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படத்திலும் வண்டி முந்தையதைவிடப் பெரிதாக இருக்கிறது. மேற்கொண்டு வரைவதற்கு முன் மாஸ்டா எம்எக்ஸ்-5 வளர்ந்த கதையைத் தெரிந்துகொள். நான் ஓயாமல் பேசுவேனே, அமெரிக்காவில் மியாட்டா என்று அழைக்கும் அந்த வண்டிதான்.

ஒரு காலத்தில் இந்த வகை வண்டிக்குப் பேர்போனது பிரிட்டன். 1962-இல் வந்த லோட்டஸ் எலான் 700 கிலோகூடத் தேறாது. அப்புறம் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் இறுகின. 1974-இல் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கனத்த கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, உயரத்தையும் கூட்டினார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும். 1980-இல் அதன் தயாரிப்பும் நின்றது.

அதற்கு முந்தைய வருடம்தான் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், எளிய, விலை குறைந்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நீங்கள் செய்யலாமே என்றார். பிறகு அவரே அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். மாஸ்டாவின் டோக்கியோக் குழுக்கள் முன்சக்கர இழுவையிலும் நடுவில் எஞ்சின் வைத்தும் முயன்றன. கலிஃபோர்னியாக் குழு, எஞ்சின் முன்னால், இழுவை பின்னால் என்ற பழைய அமைப்பையே பிடித்துக்கொண்டது. வென்றதும் அதுதான். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வண்டி வெளிவந்தது.

வெளியே தெரியாத ஒரு பாகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டத்தால் இணைத்திருப்பார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில், நடுவில் எதுவும் முறுக்கிக்கொள்ளாமல், விசை சக்கரத்துக்குப் போய்விடும். குதிரையும் ஆளும் ஓர் உடம்பாக ஓட வேண்டும் என்று இந்த வண்டித் திட்டத்தின் தலைவர் தோஷிஹிகோ ஹிராயின் குழு விரும்பியது. அந்த விருப்பம் நடைமுறையில் இப்படிப்பட்ட வேலையாகத்தான் வரும். உன் படங்களில் உள்ளே என்ன இருக்கிறது என்ற யோசனையே காணோம்.

முதல் வண்டியின் துணிக்கூரையில் பின் ஜன்னல் பிளாஸ்டிக். மடிக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்கவிட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு விழுந்து மங்கிவிடும். பிறகு முன்கண்ணாடிச் சட்டத்தின் இரண்டு கொக்கிகளைத் தளர்த்திக் கூரையைப் பின்னால் தள்ள வேண்டும். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் பின் ஜன்னல் நிஜக் கண்ணாடி ஆனது. தூக்கி இறங்கும் முன்விளக்குகள் போய்விட்டன. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான், ஆனாலும் விளக்குகளின் எடை குறைந்ததே.

2005-இல் வந்த மூன்றாம் தலைமுறை வளர்ந்துவிட்டது. கிராம் கிராமாகக் குறைக்கப் பாடுபட்டும், முதல் வண்டியை விடக் கனம்தான். மோட்டாரில் மடியும் கெட்டிக் கூரையும் பிறகு சேர்ந்தது. மோசமான வண்டி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் ஊதிய முகம்.

2014-இல் காட்டிய நான்காவதில் அவர்கள் செய்ததைத்தான் நீ கவனிக்க வேண்டும். மொத்த நீளம் 3,915 மில்லிமீட்டர், முதல் வண்டியை விடவும் குறைவு. இருபத்தைந்து வருடப் பாதுகாப்பு விதிகளுக்கெல்லாம் ஈடுகொடுத்தும், எடை குறைந்த ரகத்தை 1,000 கிலோவுக்குள் நிறுத்தினார்கள். கூரைக்கு நடுவில் ஒரே கொக்கி, உட்கார்ந்தபடியே ஒற்றைக் கையால் திறக்கலாம். 2016-இல் உலகின் சிறந்த கார், சிறந்த வடிவமைப்பு என்ற இரண்டு விருதுகளும் அதற்கே. பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானதும் அதே வருடத்தில்தான்.

சரி, உன் மூன்றாவது படத்துக்கு வருகிறேன். முன்சக்கரத்துக்கு முன்னால் நீளும் மூக்கை நான் பாதியாக வெட்டுவேன். மோட்டார் கூரையை எடுத்துவிட்டுத் துணிக்கூரை போடு, பின்பக்கம் தானாக இறங்கும். சக்கரத்தின் அளவையும் குறை. சம்மதமில்லை என்றால் காரணத்தோடு எழுது.

அன்புடன்,
அம்மா