மேசைக்கு முன்னால் பாதை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பூங்காவுக்கு மேசை, பெஞ்சு வேண்டும் என்று வந்தால், "அங்கே போகிற வழி எப்படி இருக்கிறது?" என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறோம். விலையைச் சொல்லாமல் இதென்ன விசாரணை என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தோதான ஒரு மேசை செய்து கொடுத்தோம். மேல்பலகையை ஒரு பக்கம் நீட்டி, முழங்கால் நுழையக் கீழே 27 அங்குலம் விட்டு, பார்த்துப் பார்த்துச் செய்தது. மரத்தடியில், கூழாங்கல் பரப்பின் நடுவே வைத்தோம். முதலில் வந்தவரின் நாற்காலி மேசைக்கு எட்டடி முன்னாலேயே நின்றுவிட்டது. முன்சக்கரம் சின்னது அல்லவா, கல்லுக்குள் புதைந்துகொண்டது. தள்ளத் தள்ள இன்னும் இறங்கியது. இடம் பார்த்தவர்கள் நாங்கள்தான், தவறும் எங்களுடையதுதான்.

உருண்டைக் கல் எவ்வளவு அழுத்தினாலும் உருண்டுகொண்டேதான் இருக்கும். உடைத்த பொடிக்கல்லின் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கல்தூளோடு சேர்த்துத் தண்ணீர் தெளித்து இறுக்கினால் கெட்டியான தரை கிடைக்கும். எல்லா இடத்திலும் சிமென்ட் போட வேண்டியதில்லை.

அப்புறம் சரிவு. போகிற திசையில் 20 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தைப் பலரால் சமாளிக்க முடியும். பக்கவாட்டுச் சரிவுதான் பொல்லாதது. மழைநீர் வடிய அது கொஞ்சம் வேண்டும், ஆனால் 50-க்கு 1 என்பதைத் தாண்டினால் நாற்காலி பள்ளத்துப் பக்கமே இழுக்கும். ஒரு கை மட்டும் ஓயாமல் தள்ள வேண்டியிருக்கும். நடக்கிற நமக்கு இது தெரியவே தெரியாது. ரசமட்டம் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

"ஓரமாக ஒரே ஒரு தனி மேசை போதாதா?" என்று கேட்கிறீர்கள். போதாது என்பது எங்கள் கட்சி. 'யுனிவர்சல் டிசைன்' என்ற பெயரைத் தந்த கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், தாமே சக்கர நாற்காலியில் இயங்கியவர். தனி ஏற்பாடு என்று ஒதுக்காமல், முடிந்தவரை எல்லாருக்கும் ஒரே பொருள் பொருந்த வேண்டும் என்பதே அவர் சொன்னது. நீட்டிய பலகை மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. கைப்பிடி வைத்த பெஞ்சிலிருந்து எழுவது மூட்டுவலிக்காரருக்கும் சுலபம். அதனால் நிழலிலும் தண்ணீர் ஓரத்திலும் இப்படிப்பட்டவையே இருக்கட்டும், வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தால் போதாது.

நுழைவாயில் பலகையில் 'எளிய பாதை' என்று எழுதாதீர்கள். நீளம், அகலம், அதிகபட்ச ஏற்றம், தரை எப்படிப்பட்டது என்று போடுங்கள். போகலாமா வேண்டாமா என்பதை வருபவரே முடிவு செய்துகொள்வார்.

ஏற்கெனவே எங்களிடம் மேசை வாங்கியவர்கள் பாதையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். சுற்றிலும் கூழாங்கல் என்றால், அதை மாற்றும்வரை புது மேசைக்கு ஆர்டர் எடுக்க மாட்டோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து