பரணில் கிடப்பதை என்ன செய்வது: வசந்திக்கு ஒரு கடிதம்

ஹாரோ, லண்டன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதத்தை ஆற அமரப் படித்தேன். பேத்திக்குக் காது குத்தியதை எழுதியிருந்தாய், படம்தான் அனுப்பவில்லை. முழங்காலுக்குப் பிசியோதெரபி போவதை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே. இவர் அப்படி விட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாங்கள் வீடு மாறுவதற்கும் அந்த மாடிப்படிதான் காரணம். மகள் இருக்கும் மில்டன் கீன்ஸில் தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட் முடிவாகிவிட்டது. இங்கே இருக்கும் சாமானில் பாதிக்கு மேல் அங்கே இடம் கிடையாது.

நீயும் அதே வேலையில்தான் இறங்கியிருக்கிறாய். ஸ்ரீரங்கத்து வீடு இடிபடுவதற்குள் பரணில் இருப்பதெல்லாம் இறங்கியாக வேண்டும். "நீ அங்கே எல்லாவற்றையும் இபே இணையதளத்தில் ஏலம் விடுகிறாயாமே, அது எப்படி? எனக்கு ஏதாவது உதவுமா?" என்று கேட்டிருந்தாய். உதவும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நீ நினைக்கிற வழியில் அல்ல. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் பொருளுக்கு நாம் மனதில் போட்டு வைத்திருக்கும் விலை வேறு, வாங்க வருகிறவர் போடும் விலை வேறு. நீ பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் எடுத்தவள். கானமன், நெட்ஷ், தாலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் வெளியிட்ட காபிக் கோப்பைச் சோதனை உனக்குத் தெரிந்திருக்கும். மாணவர்களில் பாதிப் பேருக்குக் கோப்பையைக் கொடுத்து, என்ன விலை வந்தால் தருவாய் என்று கேட்டார்கள். மற்றவர்களிடம், என்ன விலை கொடுத்து வாங்குவாய் என்றார்கள். கையில் கோப்பை இருந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். கொஞ்ச நேரம் கையில் இருந்த கோப்பைக்கே இப்படி என்றால், கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டுக்கு நாம் என்ன விலை வைப்போம்! அதனால்தான் எனக்கு ஏலம் பிடித்துப்போனது. விலையை நான் சொல்ல வேண்டியதில்லை. அது வேண்டும் என்கிறவர்கள் சொல்கிறார்கள்.

நடைமுறை இதுதான். படம் போட்டு, விவரம் எழுதி, ஒரு ஆரம்ப விலை வைத்து, ஏழு நாளோ பத்து நாளோ ஏலத்தில் விடலாம். கேட்கிறவர் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து விலையை ஏற்ற வேண்டியதில்லை. தான் அதிகபட்சம் எவ்வளவு தரத் தயார் என்பதை ஒருமுறை எழுதிவிட்டால் போதும், அது வேறு யாருக்கும் தெரியாது. ஒருவர் 40 பவுண்ட் வரை தரத் தயார், இன்னொருவர் 25 பவுண்ட் வரைதான் என்றால், முதலாமவருக்கு அது 26 பவுண்டுக்குக் கிடைத்துவிடும். 40 போகாது. வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் எழுதிய இரண்டாம் விலை ஏலம் கிட்டத்தட்ட இதுவேதான். 1996-இல் நோபல் அறிவித்த மூன்றாம் நாளே காலமானாரே, அவர்தான். ஜெயிக்கிறவர் தனக்கு அடுத்தவர் கேட்ட விலையை ஒட்டித்தான் கொடுக்கிறார் என்பதால், மனதில் உள்ளதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. விற்கிற என்னையும் இது நிம்மதியாக வைத்திருக்கிறது. யாரிடமும் பேரம் பேச வேண்டாம், "கடைசியாக என்ன சொல்கிறீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டாம்.

ஆனாலும் ஆட்கள் கடைசி நொடியில் வந்துதான் கேட்கிறார்கள். ஆறு நாள் ஒன்றுமே நடக்காது, கடைசி அரை நிமிஷத்தில் விலை மடமடவென்று ஏறும். ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2002-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே யாராவது கேட்டால் முடிவு நேரம் தள்ளிப்போகும், பத்து நிமிஷம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் ஏலம் முடியும். இபேயில் நேரம் வந்ததும் முடிந்துவிடும். கடைசி நொடிக் கூட்டம் இபேயில்தான் அதிகம் என்று கண்டார்கள். இதனால் நான் எல்லா ஏலத்தையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிகிற மாதிரி வைப்பேன். அப்போதுதான் பெரும்பாலோர் வீட்டில் ஃபோனும் கையுமாக இருப்பார்கள்.

ஒரு விஷயம் மட்டும் ரொம்ப முக்கியம், வசந்தி. ஏலத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரே ஒருவர்தான் விரும்புகிறார் என்றால் ஆரம்ப விலைக்கே போய்விடும். எங்கள் பெரிய மர அலமாரி அப்படித்தான் 99 பென்ஸுக்குப் போனது. அதற்கு நான் வருத்தப்படவில்லை. வாங்கியவர் தம்பியோடு வந்து மாடியிலிருந்து சுவரில் ஒரு கீறல் இல்லாமல் இறக்கிக்கொண்டு போனார். பழைய சாமானை எடுத்துப்போகும் கவுன்சில் வண்டியைக் கூப்பிட்டிருந்தால் நாங்கள்தான் காசு கொடுத்திருக்க வேண்டும். ஆனால் சிங்கர் தையல் மெஷின் விஷயத்தில் பலர் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கிளாஸ்கோ பக்கத்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கர் தொழிற்சாலை 1980 வரை இருந்தது. லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். மெஷினில் பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டு எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம் என்று கண்டுபிடித்துவிடலாம். எண்பது வயது மெஷின் என்று தெரிந்ததும் பெரிய தொகை வரும் என்று நினைப்பார்கள். வராது. பழசு என்பதற்காக யாரும் விலை கொடுப்பதில்லை, கிடைக்காதது என்றால்தான் கொடுக்கிறார்கள்.

எதிர்பாராத பக்கத்திலிருந்து விலை வருவதும் உண்டு. எங்கள் டின்னர் செட்டை முழுசாகப் போட்டபோது யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரித்து, சூப் கிண்ணத்தின் மூடியைத் தனியாக, பெரிய பரிமாறும் தட்டைத் தனியாகப் போட்டேன். உடனே ஆள் வந்தது. கம்பெனி அந்த டிசைனை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டதால், வீட்டில் ஒன்று உடைந்துபோனவர்கள் ஈடு தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மோட்டார் ஓடாத பழைய கென்வுட் செஃப் மிக்ஸரும் அப்படித்தான் விலை போனது. "உதிரி பாகத்துக்கு" என்று எழுதிப் போட்டால் பழுது பார்ப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். விற்க ஆரம்பிக்கும் முன்பு, ஏற்கெனவே விற்று முடிந்தவை என்ன விலைக்குப் போயின என்று தேடிப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும். இன்னும் விற்காமல் கிடப்பவற்றில் போட்டிருக்கும் விலை வெறும் ஆசை.

இவருடைய ஒலிம்பஸ் ட்ரிப் 35 கேமரா ஞாபகம் இருக்கிறதா? மலைக்கோட்டையில் நம்மை நிற்க வைத்து எடுத்தாரே, அதுதான். 1967-லிருந்து 1984 வரை லட்சக்கணக்கில் செய்த கேமரா. எண்ணிக்கையைப் பார்த்தால் விலையே இருக்கக் கூடாது. ஆனால் இப்போது இளம் பிள்ளைகள் ஃபிலிம் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அதற்கு பேட்டரியும் வேண்டாம், லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் செல்லே வெளிச்சத்தை அளக்கும். அந்த செல் செத்துப்போயிருக்குமோ என்பதுதான் வாங்குகிறவர் பயம். லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினால், உள்ளே ஒரு சிவப்புக் கொடி எழுந்து, படம் எடுக்க விடாமல் தடுக்க வேண்டும். எழுந்தது. அதைப் படம் பிடித்துப் போட்டேன். அடித்தகட்டில் இருந்த சொட்டை, தோல் உறையில் விட்டுப்போன தையல், கண்ணாடி ஓரத்தில் மெல்லிய பூஞ்சை, எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்து எழுதினேன். குறையைச் சொன்னால் விலை இறங்கும் என்று இவர் பயந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகம் தெரியாத ஒருவர் ஐநூறு மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு பணம் அனுப்பப் போகிறார். அவருக்கு நம் எழுத்தைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை. சொட்டையைச் சொன்னவள் மற்றதிலும் பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ, நன்றாகவே ஏறியது. வாங்கிய பையன் முதல் ரோல் கழுவி வந்ததும் நன்றாக வந்திருக்கிறது என்று எழுதினான். இவர் அதைப் பலமுறை படித்தார்.

காசு விவரம்: வீட்டுச் சாமான் விற்கும் தனியாட்களுக்கு இங்கே 2024 அக்டோபரிலிருந்து இபே கட்டணம் வாங்குவதில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து வாங்குகிறவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று சேர்த்து வாங்குகிறார்கள். வருஷத்தில் விற்றது 30 பொருளை எட்டினாலோ 2,000 யூரோவைத் தாண்டினாலோ விவரம் வரித்துறைக்குப் போகும். இதைக் கேட்டு இங்கே பலர் பயந்துபோனார்கள். வீட்டில் பயன்படுத்திய சாமானை வாங்கிய விலைக்கும் கீழே விற்பதற்குப் பொதுவாக வரி கிடையாது.

சரி, உன் பக்கம் வருகிறேன். இபே இந்தியா 2018 ஆகஸ்டிலேயே மூடியாகிவிட்டது. உனக்கு இருப்பது ஓஎல்எக்ஸும் ஃபேஸ்புக்கும், நீயே விலை சொல்லிப் பேரம் பேசும் முறையும். கட்டில், ஃப்ரிட்ஜ், இரும்பு பீரோ இவற்றுக்கு அது போதும். ஒரு எச்சரிக்கை: பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே ஃபோனை வைத்துவிடு. நமக்குப் பணம் வர அந்த ரகசிய நம்பர் தேவையே இல்லை. மீறி ஏதாவது நடந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடு.

பித்தளை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. தவலை, உருளி, கங்காளம், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு என்று எழுதியிருக்கிறாய். பாத்திரக்கடையில் அதையெல்லாம் எடைக்கு எடுத்து, கழிவு போக மிச்சம் தருவார்கள். உன் பாட்டி ஐப்பசி மாதம் முழுக்கக் குளிக்க வெந்நீர் போட்ட தவலைக்கு அது விலையில்லை. அதை ஆசைப்பட்டுக் கேட்கக்கூடியவர்கள் உன் உடன்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். ஆனால் யாருக்கு எது என்பதில்தான் உங்களுக்குள் மனஸ்தாபம் என்று எழுதியிருந்தாய். என் யோசனை என்ன தெரியுமா? வீட்டுக்குள்ளேயே விக்ரி ஏலம் நடத்து. ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடு. எது வேண்டுமோ அதற்குத் தங்கள் உச்ச விலையை, குழுவில் போடாமல், உங்கள் சித்தப்பாவுக்குத் தனியாக அனுப்பட்டும். அவருக்குப் பங்கு கிடையாது, எல்லாரும் மதிக்கிற மனிதர். அதிகம் கேட்டவருக்குப் பொருள், அடுத்தவர் கேட்ட தொகையைக் கொடுத்தால் போதும். வருகிற பணத்தை எல்லாருமாகச் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருள் கிடைக்காதவருக்குக் கையில் காசாவது வரும். அமெரிக்காவில் இருப்பவர் அதிகம் கேட்டுவிடுவாரே என்று உன் தம்பி சொல்லக்கூடும். அது நியாயமான பேச்சு. அதற்குப் பணத்துக்குப் பதிலாக ஆளுக்கு நூறு புள்ளி என்று கொடுத்துவிடு. எதற்கு எவ்வளவு வைப்பது என்பது அவரவர் இஷ்டம். ஒன்றின் மேல் எல்லாவற்றையும் வைத்தவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும்.

ஏலத்துக்கு வரவே கூடாதவையும் உன்னிடம் இருக்கின்றன. பூஜை அறையில் உள்ள செம்புத் திருமேனியும் தஞ்சாவூர் ஓவியமும் நூறு வயது தாண்டியிருந்தால் 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தில் வரும். தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. ஓலைச்சுவடிக்கு எழுபத்தைந்து வருஷம்தான் கணக்கு. யார் வந்து என்ன விலை சொன்னாலும் விசாரிக்காமல் கொடுத்துவிடாதே. தந்தச் சீப்பு அங்கேயும் விற்க முடியாது, இங்கேயும் 2022 ஜூனிலிருந்து தடைதான். அப்பா கட்டி வைத்த பழைய பத்திரிகைகளைப் பேப்பர்க்காரருக்குப் போடும் முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேள். கலைமகள் கட்டு கரையான் அரிக்காமல் இருக்கிறது என்றாயே, அது எடைக்குப் போய்விடுமோ என்று நினைத்தால் எனக்கு இங்கே பதறுகிறது.

பொங்கல் முடிந்து திருச்சி வருகிறோம். அதற்குள் சித்தப்பாவிடம் பேசி வை. கூடத்து ஊஞ்சலை உங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை என்றால் கே.கே. நகரில் என் அண்ணன் வீட்டில் மாட்ட இடம் இருக்கிறது. சங்கிலியோடு பலகையின் நீள அகலத்தையும் அளந்து எழுது. என் உச்ச விலையை அவருக்கே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
மீனா