பரணில் ஏறித் தேடிய பெரியவருக்கு நன்றி

அப்பாவின் டி.சி. நகல் கேட்டு அவர் படித்த பள்ளிக்குப் போயிருந்தேன். அவர் படித்தது 1978-க்கு முன்பு. பிளஸ் டூ வராத காலம். பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புக்கு வெளியூர்க் கல்லூரி. "அவ்வளவு பழசெல்லாம் இருக்காதுங்க" என்று கையை விரித்துவிட்டார்கள்.

வேப்பமரத்தடியில் நின்ற நீங்கள்தான் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அங்கேயே மணி அடித்து ஓய்வு பெற்றவராம். ஓட்டுக் கட்டடத்துப் பரணில் ஏறி, செல்லரித்த கட்டுகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே இரண்டு மணி நேரம் தேடி, சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தந்தீர்கள். அதில் தாத்தாவின் கைநாட்டு! படம் எடுத்து வந்து காட்டினேன். அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பணம் நீட்டியதற்கு, "டீ வாங்கிக் கொடு தம்பி, போதும்" என்றீர்கள். கடையில் அந்தக் காசையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். பெயர் கேட்க மறந்துவிட்டேன். ரொம்ப நன்றி ஐயா.