டியூட்டி ரோஸ்டரில் என் பெயரை அடித்துவிட்டுத் தங்கள் பெயரை எழுதியவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

போன வாரம் எம்.டி. மயக்கவியல் தேர்வு முடிவு வந்தது. தேறிவிட்டேன். செய்தி கேட்டதும் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அவளுக்கு இப்போது ஒன்றரை வயது. "குழந்தையும் பெற்று எம்.டி.யும் முடித்துவிட்டாயே" என்று பாராட்டுகிறவர்கள் முன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சுமையில் பாதிக்கு மேல் உங்கள் தோளில் இருந்தது. பெயர் சொல்லாமல்தான் எழுதுகிறேன். படிக்கும்போது உங்கள் பங்கு எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் சீனியர் அக்கா, உங்களுக்கு. சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் என்னிடம், "கல்யாணமாகிவிட்டதா? இந்த மூன்று வருஷத்தில் லீவு என்று வந்து நிற்காதேம்மா" என்றார். எனக்கு அப்போது 29 வயது. அன்று இரவு டியூட்டி அறையில் அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு பழைய மயக்க மருந்துச் சார்ட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாக 36 கட்டம் போட்டீர்கள். முதல் வருடம் முழுக்கத் தொழில் கற்றுக்கொள்ள. ஆய்வேட்டுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதியைச் சீக்கிரம் வாங்கிவிட வேண்டும், பிரசவத்துக்கு முன்பே கேஸ்களை எடுத்து முடித்துவிட வேண்டும், எழுதுவதை மட்டும் விடுப்புக்கு மிச்சம் வைக்கலாம். மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் பயிற்சி இருக்கிறதே, அது மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது செமஸ்டரில் எதில் வேண்டுமானாலும் வரலாம். கர்ப்பத்தின் முற்பாதியில் வருகிற மாதிரி கேட்டுப் பார் என்றீர்கள். "நாம் போட்ட கட்டத்தில் கரு தரிக்கும் என்று நம்பி உட்காராதே. ரெண்டு மூணு மாசம் முன்னே பின்னே போனாலும் தாங்கணும்" என்று ஓரத்தில் இடமும் விட்டீர்கள். கோடு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "எனக்கு முதல் தடவை தங்கலை" என்றீர்கள். அதற்கு மேல் நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த சார்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அலுவலகத்தில் முதுநிலை மாணவர் கோப்புகளைப் பார்க்கிற அண்ணனுக்கு அடுத்த நன்றி. நாங்கள் ஊழியரா மாணவரா என்ற குழப்பத்திலேயே பல பெண்கள் விடுப்புக் கேட்கத் தயங்குகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அப்போது எங்கு பார்த்தாலும் ஒவ்வொரு கணக்கு. 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு உதவிச் சட்டத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். மத்திய அரசு ஊழியருக்கு 180 நாள். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து ஒரு வருடம். இதில் நான் எங்கே? அந்த அண்ணன்தான் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலை விதிமுறைகளை அச்செடுத்து, இரண்டு இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். நடப்பிலுள்ள அரசு விதிகளின்படி மகப்பேறு விடுப்பு உண்டு என்பது ஒன்று. அனுமதித்த நாட்களைத் தாண்டிப் போனால் அத்தனை நாள் படிப்பும் நீளும் என்பது இன்னொன்று. "எடுக்கலாம்மா, உரிமைதான். ஆனா உங்க பேட்ச்சோட பரீட்சை எழுத முடியாது. இப்பவே மனசைத் தேத்திக்குங்க" என்றார். இதைச் சொல்லாமல் வெறுமனே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். சொன்னதால்தான் ஆறு மாதம் பின்தங்கியது எனக்கு அதிர்ச்சியாக இல்லை.

இனி என் பேட்ச் நண்பர்கள். எப்படி எழுதினாலும் இந்தப் பகுதி போதாது.

விடுப்பு காகிதத்தில் வந்துவிடும். ஆனால் நான் இல்லாத இரவில் ஐசியூவில் ஒருவர் நிற்க வேண்டும், அவசர சிசேரியனுக்கு ஒருவர் ஓட வேண்டும். எங்களுக்குப் பதிலாள் என்று யாரையும் போடுவதில்லை. ஒருத்தி விலகினால் மற்றவர்களின் இரவுகள்தான் கூடும். நம் பயிற்சி அமைப்பில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான், இதை உரக்கவே சொல்கிறேன்: தாய்க்கு விடுப்பு கொடுத்துவிட்டு அந்த வேலையைச் சக மாணவர் தலையில் போடுவது நியாயமில்லை. அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் என்னிடம் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

கர்ப்பமாக இருப்பதை எட்டாவது வாரத்தில் உங்களிடம் சொன்னேன், வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்வதற்கும் முன்னால். மறுநாளே ரோஸ்டரில் ஆர்த்தோ தியேட்டரில் என் பெயரை அடித்துவிட்டு ஒருவர் தன் பெயரை எழுதியிருந்தார். சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே கருவியைப் போடும்போது மற்றவர்கள் கதவுக்கு வெளியே நிற்கலாம், நோயாளியின் தலைமாட்டை விட்டு நாம் நகர முடியாது. கர்ப்பத்தை அறிவித்த பிறகு பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு போகக்கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. காரீய ஏப்ரனும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜும் போட்டுக்கொண்டு நானே நின்றிருக்கலாம்தான். "எண்ணிக்கிட்டே நிக்கிறதுக்கு நான் நின்னுட்டுப் போறேன்" என்றார் அவர். குழந்தைகள் அறுவை லிஸ்ட்டை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள். முகமூடி வைத்துத் தூங்கவைக்கும்போது செவோஃப்ளூரேன் மயக்க வாயு கொஞ்சமாவது அறைக்குள் கசியும், எங்கள் பழைய தியேட்டரில் அதை வெளியேற்ற வசதி சரியாக இல்லை. எனக்கு மயக்கவியல் வெளிநோயாளர் பிரிவும் சிசேரியனுக்கு முதுகில் போடும் ஸ்பைனல் மயக்க ஊசியும் வந்தன. ஏழாம் மாத வயிற்றோடு நான் ஸ்பைனல் போட வருவதைப் பார்த்து, "உங்களுக்கும் பாப்பாவா டாக்டர்?" என்று கேட்டு வலியை மறந்து சிரித்த தாய்மார்களுக்கும் நன்றி.

தியேட்டர் சிஸ்டரை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்துவிட்டு, சரியாக இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். நான் கேஸில் மூழ்கிவிடுவேன் என்று தெரிந்து, அவரே நேரம் குறித்துவைத்து, தியேட்டர் வாசலில் கையை நீட்டச் சொல்லி எடுத்தார். 148 வந்தது. 140-க்கு மேல் போனாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். அன்றிலிருந்து பதினொரு மணிக்கு அவர் டப்பாவிலிருந்து சுண்டல் எனக்கு வரும். ஒரு நாள் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்ஜனிடம், "சார், டாக்டரம்மாவை மாத்திவிட ஆள் வரட்டும், அஞ்சு நிமிஷம்" என்று சொன்னார். யாரும் மறுக்கவில்லை. இன்சுலின் இல்லாமலே கடைசிவரை போனேன்.

கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் தருகிற பிக்மி எண்ணுக்காக வீட்டுக்கு இரண்டு முறை அலைந்த நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியருக்கும் நன்றி. டாக்டர் என்பதால் நான் அசட்டையாக இருந்துவிட்டேன், அந்த எண் கையில் இருந்ததால் பிறப்புச் சான்றிதழ் தடையில்லாமல் வந்தது.

என் கணவருக்குத் தனியார் வேலை. மத்திய அரசில் தந்தைக்கு 15 நாள் உண்டு, தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. தன் ஈட்டிய விடுப்பை ஒரு வருடம் தொடாமல் சேர்த்துவைத்து, மொத்தமாக எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். அதைவிட, நான் ஆய்வேடு எழுதிய அந்த இரவுகளில் குழந்தையோடு மொட்டை மாடியில் நடந்தார்.

திரும்பி வந்ததுதான் கடினம். ஆறு மாதக் குழந்தை, முழு நாள் தியேட்டர். மாமியார் ஊரையும் மாட்டையும் விட்டுவிட்டு வந்து மருத்துவமனைக்குப் பின்தெருவில் எங்களோடு தங்கினார். நான் பால் கொடுக்க, பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் ஆட்டோ அண்ணன் அத்தையையும் பாப்பாவையும் பின்வாசலில் கொண்டுவந்து விடுவார். நான் வரத் தாமதமானால் மீட்டர் போடாமல் வேப்பமர நிழலில் காத்திருப்பார். துறைத்தலைவர் மேடம் ஒரு நாள் அந்த மரத்தடியில் என்னைப் பார்த்துவிட்டார். பயந்துபோனேன். மறுநாள் தன் அறைக்கு உள்ளே இருந்த சின்ன அறையின் சாவியை என்னிடம் கொடுத்து, "நான் ரவுண்ட்ஸ் போயிடுவேன், நீ பூட்டிக்கோ" என்றார். மேடம், உங்கள் இரண்டு பிள்ளைகளையும் நீங்கள் எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சாவி எனக்குப் பதில் சொன்னது.

அப்புறம் ஒரு கணக்கு. கர்ப்பத்திலும் விடுப்பிலும் என் பெயருக்குரிய 41 இரவுகளை என் பேட்ச் பார்த்திருக்கிறது. கணக்கு வைக்காதே என்றீர்கள், நான் வைத்தேன். உங்களுக்குத் தேர்வு வந்தபோது எனக்கு இன்னும் ஆறு மாதம் பாக்கி இருந்தது. அந்தக் கடைசி இரண்டு மாதமும் நீங்கள் படிக்க, முடிந்த இரவுகளை எல்லாம் நான் பார்த்தேன். 29 தான் முடிந்தது. என் செயல்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள், ஆளுக்கொரு ஊரில் சீனியர் ரெசிடென்ட்டாக இருந்த நீங்கள் நான்கு பேரும் வீடியோ அழைப்பில் வந்து, மாற்றி மாற்றி என்னிடம் வாய்மொழித் தேர்வு போல வைவா கேட்டீர்கள். இரவு ஒன்றரை மணி வரை. பாப்பா நடுவில் எழுந்து திரையைத் தட்டினாள்.

மீதி 12 இரவு. எந்த ஊரில் இருந்தாலும் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பேட்ச்சில் கடைசியாகத் தேறியவள்