எயார் மெயில் கடிதங்களுக்கு தபால் கந்தோரில ஒரு அலுமாரி கேட்டு மனு

மட்டக்களப்பு அரசாங்க அதிபர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. கல்லடியில இருந்து எழுதுறன். காணியோ கட்டடமோ கேக்கல்ல, டவுன் தபால் கந்தோரில கண்ணாடி போட்ட ஒரு அலுமாரியும் சுவரில ஒரு போர்டும்தான்.

எங்கட அப்பா சவூதியில இருந்து போட்ட எயார் மெயில் கடிதங்கள், ஓரத்தில சிவப்பு நீலக் கோடு போட்ட கவர், ட்ரங்குப் பெட்டியில கிடந்திச்சு, போன மாசம் திறந்தா பாதிய கறையான் திண்டுட்டு. 78 சூறாவளிக்கும் 2004 சுனாமிக்கும் நடுவில சண்டைக்கும் தப்பி எங்கட பக்கத்தில மிஞ்சினதே கொஞ்சம்தான் ஐயா, அதையும் கறையானுக்குக் குடுக்கிறதா?

இந்த எயார் மெயில் எப்பிடி வந்த எண்டு மகள் கேட்டாள், அவளுக்குச் சொல்லப் போய்த்தான் நானே தேடிப் படிச்சன். முதல் உத்தியோகபூர்வ விமானத் தபால் லண்டனில பறக்கல்ல, 1911 பெப்ரவரி 18 அலகாபாத்தில இருந்து யமுனையத் தாண்டி நைனிக்கு, 6500 கடிதம் மட்டில. மறுகா 1929ல இம்பீரியல் எயார்வேய்ஸ் எண்ட பிரிட்டிஷ் விமானக் கொம்பனி லண்டன் தபால கராச்சி மட்டும் கொண்டு வர, கராச்சிதான் இந்தப் பக்கத்துக்கெல்லாம் தபால் பிரிக்கிற சந்தி. 1932 ஒக்டோபர் 15 அங்க இருந்து ஜே.ஆர்.டி. டாடா தானே பிளேன் ஓட்டி அகமதாபாத் வழியா பம்பாய்க்கு மூட்டையக் கொண்டு வந்தார், அங்கால மெட்ராஸுக்கு ஓட்டினது அவர்ட கூட்டாளி நெவில் வின்சென்ட். இப்ப எயார் இந்தியா எண்டு சொல்ற அந்த டாடாட கொம்பனி கடிதம் ஏத்தத்தான் தொடங்கினது, ஆள் ஏத்த இல்ல! 1938ல அந்தத் தபால் கொழும்புக்குப் பக்கத்தில ரத்மலானை எயார்போர்ட்டுக்கும் வந்திட்டு.

படிச்சதெல்லாம் கொழும்போட நிண்டுட்டு. அங்க இறங்கின கடிதம் மெயில் ரெயினில இரவு முழுக்க வந்து, மறுகா தபால்காரர்ட சைக்கிளில ஏறி எங்கட படலையில மணி அடிச்ச கத எங்கயும் இல்ல. திமிலைதீவில 1958ல கட்டின எயார்போர்ட்டையும் பிள்ளைகள் எயார்போர்ஸ் காம்ப் எண்டுதான் சொல்லுதுகள்.

ஒரு கந்தோரில கேட்டதுக்கு பழைய கடதாசி வைக்க இடமில்ல எண்டுட்டாங்க. அதால உங்களிட்ட வாறன். ஒரு நாள் குறிச்சு சனத்த கவர் கொண்டுவரச் சொல்லுங்க, முத்திரையும் சீலும் தெரிய ஸ்கேன் எடுத்திட்டு, விரும்பிக் குடுக்கிறத மட்டும் அலுமாரியில வைங்க, விலாசத்த மறைச்சு. உள்ளுக்க எழுதினது வேணாம், அது குடும்ப விசயம். பென்சனில இருக்கிற தபால்காரர்களையும் கூப்பிட்டு அவங்க சொல்றத ரெக்கோர்ட் பண்ணுங்க, எல்லாருக்கும் வயசு போயிட்டு.

கறையான் விட்டு வச்ச பதினேழு கவரையும் முதல் ஆளா நானே கொண்டு வந்து தாறன்.

இப்படிக்கு,
கல்லடி வாசி ஒருத்தி