சேகருக்கு, கோஷியெனிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பரை அவரே படிக்கிறார் என்று தெரிந்ததும்தான் நிம்மதி. ரொம்ப விசாரித்தேன் என்று சொல்.

ஜப்பான் பேஸ்பாலில் பந்தயம் கட்ட ஆரம்பித்திருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். லண்டனில் அது சட்டப்படி சரி. இங்கே பேஸ்பாலில் பணம் கட்டுவது குற்றம், அதனால் நான் கட்டியதில்லை. ஆனால் எட்டு வருஷமாகக் கோஷியென் பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சாஃப்ட்பேங்க் பலமான அணி, அதிலேயே கட்டிக்கொண்டு போனால் போதும் என்கிறாய். கணக்குப் போட்டுப் பார். 2024-இல் அவர்கள் 143 ஆட்டங்களில் 91 ஜெயித்து, 49 தோற்று, 3 டிரா செய்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1.50 விலையில், அதாவது ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு ஒன்றரை பவுண்டாகத் திரும்பும் விலையில், 100 பவுண்டு கட்டியிருந்தால், 91 தடவை ஐம்பது ஐம்பதாக 4,550 வந்திருக்கும். 49 தடவை நூறு நூறாக 4,900 போயிருக்கும். டிராவுக்குப் பணம் திரும்பி வந்தது என்றே வைத்துக்கொள், அப்படியும் 350 பவுண்டு கையைக் கடிக்கும். லீக்கில் முதலிடம் பிடித்த அணியைச் சரியாகக் கண்டுபிடித்தும் இந்தக் கதி! 1.50 என்றால் மூன்றுக்கு இரண்டு ஜெயித்தால்தான் போட்டது தேறும். ஆகவே விலையை முதலில் பார், அணியை அப்புறம் பார். அதே வருஷம், இரண்டு லீக்குகளின் அணிகள் மோதும் இறுதிப் போட்டியான ஜப்பான் சீரிஸில் சாஃப்ட்பேங்க் முதல் இரண்டு ஆட்டங்களை ஜெயித்துவிட்டு, அடுத்த நான்கையும் டிஎன்ஏவிடம் இழந்தது. டிஎன்ஏ மற்ற லீக்கில் மூன்றாவதாக வந்த அணி.

பந்தயம் வாங்குகிற புக்கியின் பங்கையும் மறக்காதே. ஒரு பக்கம் 1.80, மறுபக்கம் 2.05 என்றால், நூறை ஒவ்வொன்றாலும் வகுத்துச் சதவீதமாக்கிக் கூட்டிப் பார், 104-ஐத் தாண்டும். அந்த நாலு சொச்சம் அவனுடையது.

ஆரம்பப் பிட்சர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து எறிகிறவர், யார் என்று முந்தின நாளே அறிவித்துவிடுவார்கள். பெரும்பாலும் திங்கள் ஓய்வு, மற்ற ஆறு நாளுக்கு ஆறு பேர், ஆளுக்கு வாரம் ஒரு ஆட்டம். அதனால் அதே அணி வெள்ளிக்கிழமை ஒரு அணி, புதன்கிழமை வேறு அணி. 2013-இல் ராகுடென் அணியின் மசாஹிரோ தனகா லீக் ஆட்டங்களில் 24 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. அவர் எறிகிற நாளில் ராகுடென் ஜெயிக்கும் என்பது ஊருக்கே தெரியும். விலையிலும் அது ஏறியிருக்கும், உனக்கு என்ன மிஞ்சும்?

போன வாரம் வலது பக்க கேலரியில் உட்கார்ந்திருந்தேன். இடது கை பேட்ஸ்மேன் ஒருவர் ஓங்கி அடித்தார். பந்து நேராக எங்களை நோக்கி வந்தது, எல்லோரும் எழுந்துவிட்டோம். முதுகில் பீர் டாங்கியோடு படியில் நின்ற பெண்கூட ஊற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கடைசி நேரத்தில் கடல்காற்று பந்தை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டது. சுவருக்கு முன்னால் நின்ற ஃபீல்டர் கையில் விழுந்தது. அந்தக் காற்றுக்கு ஹமகாசே என்று பேர். மொத்த ரன் எத்தனை என்று பந்தயம் கட்டுகிறவன் இதையெல்லாம் பார்த்தாக வேண்டும். டோக்கியோவில் ஜிங்கு சின்ன மைதானம், அங்கே இதே அடி சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகியிருக்கும்.

இன்னொன்று. இங்கே பேஸ்பால் பந்தயம் என்றாலே வயதானவர்கள் முகம் மாறும். 1970-இல் ஆட்டத்தை விற்ற விவகாரத்தில் நிஷிடெட்சு அணியின் மசாஅகி இகேனாகாவை ஆயுள் தடை செய்தார்கள். 23 வயதுக்குள் 103 வெற்றி கண்ட பிட்சர். வேண்டுமென்றே தோற்றதில்லை என்று கடைசிவரை சொன்னார். தடையை நீக்கியது 2005-இல்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

எவ்வளவு கட்டுகிறாய் என்று நீ எழுதவே இல்லை. மறைக்காமல் எழுது. ஏப்ரலில் லீவு கிடைத்தால் வா, டிக்கெட் நான் எடுக்கிறேன். காற்று தெரிகிற அந்த வலது பக்கத்திலேயே உட்காரலாம்.

அன்புடன்,
மணி